ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் கூடாரப் பயணம்: முதல் இரவை எங்கே கழிப்பது?

கேள்வி: நாங்கள் ஹூஸ்டனில் வசிக்கிறோம். ஜூலை நடுவில் கிடைக்கும் ஐந்து நாள் விடுப்பில், 10 மற்றும் 13 வயதுப் பிள்ளைகளுடன் கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் கூடாரமிட்டுத் தங்க விரும்புகிறோம். காலை விமானத்தில் டென்வர் வந்து, அன்றே பூங்காவுக்குப் போய், மறுநாள் லாங்ஸ் சிகரம் ஏறலாம் என்று நினைக்கிறோம். இது சரியாக வருமா? எதை எப்போது முன்பதிவு செய்ய வேண்டும்?

பதில்: பயணம் நல்ல பயணம், பிள்ளைகளின் வயதும் இதற்கு மிகவும் பொருத்தமானது. ஆனால் திட்டத்தில் இரண்டு மாற்றங்கள் கட்டாயம் வேண்டும். முதல் இரவை டென்வரிலேயே கழியுங்கள். லாங்ஸ் சிகரத்தை இம்முறை விட்டுவிடுங்கள்.

ஹூஸ்டன் ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருக்கிறது. டென்வர் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீங்கள் தங்கக்கூடிய மொரைன் பார்க் முகாம் தளம் ஏறத்தாழ 2,490 மீட்டரில் உள்ளது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால், இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதற்கு ஈடுகொடுக்க உடலுக்குச் சில நாட்கள் தேவை. நல்ல உடற்பயிற்சி உள்ளவர்கள்கூட இதிலிருந்து தப்புவதில்லை. உயர நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் மேலே போய்ச் சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்தில்தான் தலைகாட்டும் என்பதால், பகலெல்லாம் உற்சாகமாகத் திரிந்த பிள்ளை இரவில் கூடாரத்துக்குள் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று அவதிப்படுவது வழக்கம். பத்து வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது. சாப்பாடு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டு ஒரு மூலையில் சுருண்டு படுத்துக்கொள்ளும். அப்படிக் கண்டால் அதற்குமேல் உயரம் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே கீழே இறங்கி மருத்துவ உதவி பெறுங்கள். முதல் இரண்டு நாட்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள். பெரியவர்கள் மதுவைத் தவிர்ப்பது நல்லது.

லாங்ஸ் சிகரத்தின் உயரம் 4,346 மீட்டர். வழக்கமான கீஹோல் பாதையில் போய்வர ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நடக்க வேண்டும்; 1,500 மீட்டர் ஏற்றம் உண்டு. கீஹோல் என்னும் பாறைத் திறப்பைத் தாண்டிய பிறகு அது நடைபாதையே அல்ல. செங்குத்துச் சரிவை ஒட்டிய குறுகிய பாறை விளிம்புகளில் கைகளாலும் பற்றிக்கொண்டு நகர வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கோ அதற்கும் முன்போ கிளம்பினால்தான் உரிய நேரத்தில் இறங்க முடியும். ஒரே ஒரு நாள் மட்டும் மலைக்காற்றைச் சுவாசித்த குடும்பத்துக்கு இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

'உரிய நேரம்' என்று சொல்வதற்குக் காரணம் மின்னல். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகல் இடிமழை இங்கே அன்றாட நிகழ்வு என்றே சொல்லலாம். காலை எட்டு மணிக்கு வானம் கழுவித் துடைத்தது போல் நீலமாக இருக்கும். பத்தரை மணிவாக்கில் சிகரத்துக்குப் பின்னாலிருந்து பஞ்சுப்பொதி அளவில் ஒரு வெள்ளை மேகம் எட்டிப் பார்க்கும். அதன் அடிப்பாகம் தட்டையாகிக் கறுக்கத் தொடங்கும்போது, நடப்பவர்கள் பலர் இன்னும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மணிக்குள் ஆலங்கட்டி விழும். ஏறத்தாழ 3,500 மீட்டருக்கு மேல் இங்கே மரங்களே இல்லை என்பதால், அந்த வெட்டவெளியில் நிற்கும் மனிதர்தான் உயரமான பொருள். 2014 ஜூலையில் டிரெயில் ரிட்ஜ் சாலையை ஒட்டிய பகுதியில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இருவர் மின்னல் தாக்கி உயிரிழந்தார்கள். ஆகவே, நண்பகலுக்குள் மரங்கள் தொடங்கும் எல்லைக்குக் கீழே வந்துவிட வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இடிச்சத்தம் கேட்டால் திரும்பிவிடுங்கள். சன்னல் கண்ணாடிகளை ஏற்றி மூடிய கார் பாதுகாப்பானது, தனித்து நிற்கும் மரத்தின் அடி பாதுகாப்பானது அல்ல. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

முன்பதிவைப் பொறுத்தவரை, கோடைக்கால முகாம் இடங்கள் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் ஆறு மாதங்களுக்கு முன்பே திறக்கின்றன. அதாவது ஜூலை 15 இரவுக்கு ஜனவரி 15 அன்றே கணினிமுன் உட்கார வேண்டும். தவறவிட்டிருந்தால், ரத்தாகும் இடங்கள் அதே தளத்துக்குத் திரும்பி வரும் என்பதால் தினமும் பாருங்கள். வார நாட்களில் வாய்ப்பு அதிகம். அது தவிர, கடந்த சில ஆண்டுகளாகக் கோடையில் பூங்காவுக்குள் நுழைய நேரம் குறித்த அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கிறது. அதில் இரண்டு வகை உண்டு: பேர் லேக் சாலையையும் சேர்த்தது ஒன்று, அந்தச் சாலை நீங்கலாக மற்றப் பகுதிகளுக்கானது ஒன்று. மூன்றாம் நாள் நடை அந்தச் சாலையில் இருப்பதால், உங்களுக்கு வேண்டியது முதல் வகை. ஜூலை மாதச் சீட்டுகள் ஜூன் 1 அன்று மலைப்பகுதி நேரப்படி காலை 8 மணிக்கு, அதாவது ஹூஸ்டனில் 9 மணிக்கு, வெளியாவது வழக்கம். ஒரு பகுதியை முந்தைய நாள் மாலை 7 மணிக்கென ஒதுக்கி வைப்பார்கள். முகாம் முன்பதிவோடு எந்த அனுமதி சேர்ந்து வருகிறது என்பதை உறுதிக் கடிதத்தில் படித்துப் பாருங்கள். விதிகளை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள் என்பதால், பூங்காவின் அதிகாரப்பூர்வத் தளத்தை ஒருமுறை பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

இனி நாட்கள். இரண்டாம் நாள் எஸ்டெஸ் பார்க் என்னும் ஊர் வழியாக முகாமுக்குச் சென்று கூடாரத்தை அமைத்துவிட்டு, மாலையில் ஸ்ப்ரேக் ஏரியைச் சுற்றி நடந்தால் போதும். ஒன்றேகால் கிலோமீட்டர் சமதளப் பாதை அது. மூன்றாம் நாள் ஆறு மணிக்கே பேர் லேக் வாகன நிறுத்தத்தை அடையுங்கள். அங்கிருந்து நிம்ஃப், டிரீம், எமரால்டு ஆகிய மூன்று ஏரிகளையும் தொட்டுச் செல்லும் பாதை ஒருவழியில் மூன்று கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஏற்றமும் 200 மீட்டர் அளவுதான். நான்காம் நாள் டிரெயில் ரிட்ஜ் சாலையில் காரில் ஏறுங்கள். 3,713 மீட்டர்வரை செல்லும் அந்தச் சாலையில் 18 கிலோமீட்டர் மரமற்ற வெளியில் ஓடுகிறது; அந்த உயரத்தைப் பார்க்கச் சிகரம் ஏற வேண்டியதில்லை. காலையிலேயே போய்த் திரும்புங்கள்.

உடைமைகளில் நான் வலியுறுத்துவது உறங்குபையையும் அதன் அடியில் விரிக்கும் மெத்தையையும்தான். பகலில் 25 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் இரவில் 5 டிகிரிக்கு அருகே இறங்கிவிடும். பருத்தி உடை நனைந்தால் எளிதில் உலராது. அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுவர அனுமதி இல்லை. டென்வரிலோ எஸ்டெஸ் பார்க்கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். முகாமின் உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், அரிசி வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஓடைத் தண்ணீரை மூன்று நிமிடம் கொதிக்கவைத்த பிறகே குடியுங்கள்.

இந்தப் பூங்காவில் கருங்கரடிகள் உண்டு. எல்க் மான்களிடமிருந்து 23 மீட்டரும், மூஸ் என்னும் பெரிய மான், கரடி ஆகியவற்றிடமிருந்து 36 மீட்டரும் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. உணவு மட்டுமல்லாமல், பற்பசை, வெயில் களிம்பு போன்ற வாசனையுள்ள எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. முகாம் தளத்தில் வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவையுங்கள். படுக்கப் போகுமுன் பிள்ளைகளின் சட்டைப் பைகளையும் பார்த்துவிடுங்கள். பாதி தின்ற சாக்லேட் ஒன்று அங்கேதான் இருக்கும்.