‘டாங்கே’ என்றால் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

நான் திருச்சி. ஜெர்மன்காரர் ஒருவரைக் காதலிக்கிறேன். சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்ய நோட்டீஸ் கொடுத்திருக்கிறோம். போன வருடம் அவர் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய அம்மா கேக் நீட்டினார். நன்றி என்ற நினைப்பில் ‘டாங்கே’ என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னைப் பிடிக்கவில்லையோ என்று அன்று இரவு தூக்கமே இல்லை. இங்கே என் அம்மாவுக்கு வேறு வருத்தம். தண்ணீர் கொடுத்தால்கூட அவர் ‘தேங்க்ஸ்’ சொல்கிறாராம், நம்மை அந்நியமாக நினைக்கிறாராம். இதற்கு நடுவில் விசாவுக்காக நான் ஜெர்மன் பரீட்சை எழுத வேண்டும். கோபமாக வருகிறது.

க., திருச்சி

அன்புள்ள க.,

முதலில் அந்தக் கேக். ஜெர்மனியில் ஒன்றை நீட்டும்போது வெறும் ‘டாங்கே’ சொன்னால் ‘வேண்டாம், நன்றி’ என்று அர்த்தம். வேண்டுமென்றால் ‘யா, பிட்டே’ (‘ஆமாம், தயவுசெய்து’) என்று சொல்ல வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றீர்கள், அவர் உங்கள் சொல்லை மதித்தார். அவ்வளவுதான். வேண்டாம் என்றவரை வற்புறுத்தாமல் விடுவது அங்கே மரியாதை. நம் வீடுகளில் ‘போதும்’ என்று மூன்று தடவை சொன்ன பிறகும் இலையில் ஒரு கரண்டி விழும், விழாவிட்டால்தான் குறை. உங்கள் வருங்கால மாமியார் மனதில் ஒன்றும் இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்.

அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். நாம் வீட்டு மனிதர்களுக்கு நன்றி சொல்வதில்லை. ‘வாங்க’, ‘சாப்பிடுங்க’ என்று வினைச்சொல்லின் வாலிலேயே மரியாதையை வைத்துவிடுகிறோம். அவர் வளர்ந்த வீட்டில் அம்மா உப்பை எடுத்துக் கொடுத்தாலும் ‘டாங்கே’ உண்டு. அம்மாவுக்கு அவர் நன்றி சொல்வது சொந்த அம்மாவிடம் பழகியதைப் போலத்தான்.

பரீட்சை விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. கணவனோ மனைவியோ விசா வாங்க ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்ற இந்த விதி 2007 முதல் இருக்கிறது. கணவனோ மனைவியோ இருக்கும் ஜெர்மனிக்குப் போக அமெரிக்க, ஜப்பானியக் குடிமக்களிடம் ஏ1 என்ற ஆரம்பநிலை மொழிச் சான்றிதழ் கேட்பதில்லை, உங்களிடம் கேட்கிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். ஜெர்மன் மொழி கற்பிக்கும் கதே நிறுவனத்தின் தேர்வில் 100க்கு 60 எடுத்தால் போதும். பேசும் பகுதியின் கடைசியில் ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். அதை வைத்து நீங்கள் ஒருவரிடம் ஒன்றைத் தயவாகக் கேட்க வேண்டும், இன்னொருவர் கேட்பதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். ‘பிட்டே’யும் ‘டாங்கே’யும் இடம் மாறாமல் வர வேண்டிய இடம் அது. உங்களுக்கு இனி மாறாது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. உங்களை மணக்க அவர் எந்தத் தமிழ்ப் பரீட்சையும் எழுத வேண்டியதில்லை. சட்டம் கேட்காததை அவரே முன்வந்து செய்ய வேண்டும், அதை நீங்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்துவிட்டு எப்படியும் 30 நாள் காத்திருக்கத்தானே வேண்டும்? அந்த நாட்களில் சொல்லிக் கொடுங்கள். ‘நீ’ எங்கே, ‘நீங்க’ எங்கே என்பதை முதலில். சாப்பிட்டு முடித்தால் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும் என்பதை அடுத்து. அது தெரிந்தால் அந்தக் கூடுதல் கரண்டியிலிருந்தும் தப்பிப்பார்.

அப்புறம், ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொல்லிவிடப் போகிறார். ‘போயிட்டு வரேன்’ என்பதை இப்போதே பழக்கிவிடுங்கள். அம்மா அதைத்தான் காத்துக்கொண்டு நிற்பார்.