டிவிக்கு வந்த போக்கர்: ஐரோப்பியப் போட்டிகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், கிரிக்கெட், ஃபுட்பால் என்றால் சரி. ஏழெட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடுவதை டிவியில் யார் பார்ப்பார்கள்?

பதில்: ரொம்ப காலம் யாரும் பெரிதாகப் பார்க்கவில்லைதான். காரணம் எளிது: யார் கையில் என்ன சீட்டு என்று பார்ப்பவருக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் காசை நகர்த்துவார், இன்னொருவர் யோசிப்பார், அப்புறம் சீட்டைப் போட்டுவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலகுவார். எதற்கு யோசித்தார், எதற்குப் போட்டார்? ஒன்றும் விளங்காது.

1999 ஜூலையில் பிரிட்டனின் சேனல் 4 இதை மாற்றியது. நிகழ்ச்சியின் பெயர் 'லேட் நைட் போக்கர்'. வேல்ஸில், கார்டிஃபில் எடுத்தார்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவர் முன்னும் மேசையில் ஒரு கண்ணாடிச் சட்டம், அதற்கு அடியில் கேமரா. சீட்டு வந்ததும் அந்தக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பார்ப்பவரின் நிலைமையே தலைகீழானது. ஒருவரிடம் ஏழும் இரண்டும், வேறு வேறு இனம்; ஆளுக்கு இரண்டு சீட்டை மறைத்துக் கொடுக்கும் 'ஹோல்டெம்' என்ற போக்கர் வகையில் அதைவிட மட்டமான கை கிடையாது. அவர் துணிந்து எல்லாக் காசையும் தள்ளுகிறார். எதிரில் இருப்பவரிடம் ராணி ஜோடி. வியர்க்கிறது, நகத்தைக் கடிக்கிறார், கடைசியில் நம் ரம்மியில் ஸ்கூட் விடுவது போல விட்டுவிடுகிறார். மேசையில் யாருக்கும் தெரியாதது வீட்டில் சோபாவில் படுத்திருப்பவனுக்குத் தெரியும். நடுராத்திரியில் ஜனங்கள் கண் விழித்தது இதற்காகத்தான்.

கேள்வி: அடியில் இருக்கும் கேமராவைப் பார்க்கிறவர் யாருக்காவது சாடை காட்டிவிட்டால்?

பதில்: 'லேட் நைட் போக்கர்' முன்கூட்டியே எடுத்து, வெட்டி ஒட்டி, வர்ணனை சேர்த்துப் பிறகு ஒளிபரப்பியது. அதனால் அங்கே பயமில்லை. இப்போதைய இணைய நேரலைகளில் சீட்டைக் காட்டினால் அரை மணி, ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் படம் வரும். ஆட்டக்காரர்களின் கவலை வேறு: தான் எப்போது பொய் சொல்லி ஆடுகிறோம் என்பதை எதிராளிகள் பிறகு நிதானமாகப் போட்டுப் பார்த்துப் படித்துவிடுவார்கள்.

கேள்வி: இந்தக் கேமரா யோசனை அமெரிக்காவுடையது என்கிறார்களே அண்ணா?

பதில்: காப்புரிமை அங்கேதான், 1995இல். வாங்கியவர் ஹென்றி ஓரன்ஸ்டீன். போலந்தில் பிறந்து நாஜி முகாம்களில் உயிர் தப்பியவர், பிறகு அமெரிக்காவில் பொம்மைத் தொழிலில் பெரிய ஆள். ஆனால் அங்கே இந்த உத்தியை வைத்துப் பெரிய அலை கிளம்பியது 2003இல்தான். பிரிட்டன்காரர்கள் நாலு வருடம் முந்திக்கொண்டார்கள்.

கேள்வி: முதல் நட்சத்திரம் யார்?

பதில்: ஹல் நகரத்து டேவ் உல்லியட். 'டெவில்ஃபிஷ்' என்றால்தான் தெரியும். ஆளுக்கு 1,500 பவுண்டு கட்டி ஆடிய முதல் தொடரில் 40,000 பவுண்டு வென்றார். இளவயதில் சிறைக்கெல்லாம் போய் வந்தவர். இரண்டு கையிலும் கனத்த தங்க மோதிரம்: ஒன்றில் 'டெவில்', மற்றதில் 'ஃபிஷ்'. வாயும் சும்மா இருக்காது. டிவிக்கு இதைவிட என்ன வேண்டும்? அவரைவிட நன்றாக ஆடியவர்கள் இருந்தார்கள். கேமரா விரும்பியது அவரைத்தான். 2015இல் காலமானார்.

கேள்வி: ஐரோப்பா முழுக்கப் பரவியது எப்படி?

பதில்: அதற்கு ஜான் டூதியைச் சொல்ல வேண்டும். தொழிலால் டிவி இயக்குநர். 2000 நவம்பரில் மேன் தீவில் நடந்து ஸ்கை ஸ்போர்ட்ஸில் நேரலையாக வந்த 'போக்கர் மில்லியன்' போட்டியில் பத்து லட்சம் பவுண்டு வென்றார். 2004இல் ஐரோப்பியன் போக்கர் டூர் என்ற தொடரைத் தொடங்கினார். முதல் போட்டி பார்சிலோனா, நுழைவு 1,000 யூரோ, வென்றவர் ஸ்வீடனின் அலெக்சாண்டர் ஸ்டெவிச். இறுதிப் போட்டி மொன்டே கார்லோவில். நெதர்லாந்தின் ராப் ஹோலிங்க் 6,35,000 யூரோ வாங்கினார்.

செலவுக்குப் பின்னால் நின்றது போக்கர்ஸ்டார்ஸ் என்ற இணையதளம். என் கணிப்பில் இந்த வளர்ச்சியின் நிஜமான எஞ்சின் அதுதான். 2003இல் அமெரிக்கக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் அந்தத் தளத்தில் 86 டாலரில் ஆரம்பித்து, லாஸ் வேகாஸில் நடக்கும் 'வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்' என்ற உலகத் தொடரின் முக்கியப் போட்டிக்கு இடம் பிடித்து 25 லட்சம் டாலர் ஜெயித்துவிட்டார். அதற்கப்புறம் டிவி போட்டி ஒவ்வொன்றும் தளத்துக்கான மணிக்கணக்கு விளம்பரம். பார்ப்பவன் 'நானும் ஆடலாமே' என்று கணினியைத் திறப்பான். அவன் கட்டும் காசில் அடுத்த போட்டி நடக்கும்.

கேள்வி: அவ்வளவு பரிசுப் பணத்தை டிவிக்காரர்களா தருகிறார்கள்?

பதில்: இல்லை. பெரும்பாலும் ஆடுபவர்கள் கட்டும் நுழைவுத் தொகைதான் பரிசாகத் திரும்புகிறது. நடத்துபவர் தனிக் கட்டணம் எடுத்துக்கொள்வார். தன் ஆட்டத்தில் பங்கை முன்பே விற்றுவிட்டு உட்காருபவர்களும் நிறைய. டிவியில் 'ஐந்து லட்சம் வென்றார்' என்று வரும். பாதி வேறு ஒருவருக்குப் போயிருக்கலாம். தோற்று வீட்டுக்குப் போன நூற்றுக்கணக்கானவர்களை எந்தக் கேமராவும் காட்டாது.

கேள்வி: பெண்கள் ஜெயித்திருக்கிறார்களா மேடம்/சார்?

பதில்: சார்தான்! விக்டோரியா கோரன் 2006இல் லண்டனில் வென்று 5,00,000 பவுண்டு எடுத்தார், ஐரோப்பியத் தொடரில் முதல் பெண். 2014இல் சான் ரெமோவில் மறுபடியும். அந்தத் தொடரின் முக்கியப் போட்டியை இரண்டு முறை வென்ற முதல் ஆள், ஆண்களையும் சேர்த்து. 2007இல் அந்த உலகத் தொடரின் ஐரோப்பியப் பதிப்பு லண்டனில் நடந்தது; அதில் நார்வேயின் அனெட் ஓப்ரெஸ்டாட் பத்து லட்சம் பவுண்டு வென்றபோது 19வது பிறந்தநாளுக்கு ஒரு நாள் பாக்கி. லாஸ் வேகாஸ் என்றால் 21 ஆகும்வரை உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: பெர்லினில் கொள்ளை நடந்தது உண்மையா?

பதில்: உண்மை. 2010 மார்ச், ஐரோப்பியத் தொடரின் போட்டி நடந்துகொண்டிருந்த ஹோட்டலில் முகமூடி போட்டு ஆயுதத்தோடு புகுந்து சுமார் 2,42,000 யூரோவை அள்ளினார்கள். சீக்கிரமே பிடிபட்டார்கள்.

கேள்வி: டிவியில் பார்த்தே போக்கர் கற்றுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். நிஜத்தில் நல்ல ஆட்டக்காரர் வரும் சீட்டில் பெரும்பகுதியைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். எடிட்டர் அதையெல்லாம் வெட்டிவிட்டு, மோதல்களை மட்டும் கோத்துக் கொடுக்கிறார். அதைப் பார்த்துவிட்டு எல்லாக் கைக்கும் காசு தள்ளினால் ஒரு மணி நேரம் தாங்காது.

கேள்வி: இப்போது சேனல்களில் அவ்வளவாகக் காணோமே?

பதில்: இணையத்துக்குப் போய்விட்டது. அங்கே எடிட்டிங் இல்லாமல் நாள் முழுக்க ஓடும், சலிப்பு உட்பட. 2017இல் ஐரோப்பியத் தொடரின் பெயரையே எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தார்கள். ரசிகர்கள் ஒப்பவில்லை, அடுத்த வருடமே பழைய பெயர் திரும்பி வந்தது.