ஆறு சார்ட், ஆறு பதில்

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. மாலை 4 மணிக்கு ஷிஃப்ட் முடியும். யூரோ–டாலர் வர்த்தகத்தை நிஜப் பணம் இல்லாத டெமோ கணக்கில் பழகி வருகிறேன். 1 நிமிடம் முதல் 1 நாள் வரை ஆறு சார்ட் திறந்து வைத்திருக்கிறேன். ஒன்று ஏறுகிறது என்கிறது, இன்னொன்று இறங்குகிறது என்கிறது. எதை நம்புவது அக்கா? நண்பர் சொல்லும் புரோக்கரிடம் 2,000 வெள்ளி (ரிங்கிட்) போடலாமா?
– வாசகர், பினாங்கு

பதில்: தம்பி, ஆறுமே உண்மையைத்தான் சொல்கின்றன. ஒரு வாரமாக ஏறிவரும் விலை இன்று மதியம் மட்டும் இறங்கலாம். நாள் சார்ட்டில் அது ஏற்றம், 15 நிமிட சார்ட்டில் இறக்கம். ஆறிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதுதான் குழப்பம்.

மூன்று போதும். எந்தப் பக்கம் போவது என்று நாள் சார்ட்டிடம் கேளுங்கள். எந்த விலையில் காத்திருப்பது, கணக்கு தவறினால் எங்கே வெளியேறுவது என்பதை 4 மணி நேர சார்ட் சொல்லட்டும். நுழையும் நேரத்துக்கு மட்டும் 15 நிமிடம். நாள் சார்ட் ஏறி, 4 மணி நேர சார்ட் இறங்கினால் விற்க ஓடாதீர்கள். பழைய தாங்குநிலை (முன்பு விலை இறங்கி நின்று திரும்பிய இடம்) அருகே விலை வந்து, 15 நிமிட சார்ட் மேலே திரும்பும்வரை பொறுங்கள். நாள் சார்ட்டே திசை தெரியாமல் கிடந்தால் கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போங்கள். 1 நிமிட சார்ட் வேண்டவே வேண்டாம், அதில் தெரியும் அசைவில் பெரும்பங்கை ஸ்பிரெட்டே (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்) தின்றுவிடும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: 15 நிமிட சார்ட்டைப் பார்த்து நுழைவார்கள். விலை எதிரே போனதும் நாள் சார்ட்டைத் திறந்து, "இன்னும் ஏற்றம்தானே" என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஸ்டாப் லாஸை, அதாவது நஷ்டத்தோடு தானாக வெளியேறக் குறித்த விலையை, தள்ளி வைப்பார்கள். ஸ்டாப் லாஸ் 4 மணி நேர சார்ட்டில் குறித்த இடத்திலேயே இருக்கட்டும். அது தூரமாக இருக்கும், பட்டால் நஷ்டம் பெரிது; அதனால் லாட் அளவை, அதாவது ஒரு முறை வாங்கி விற்கும் அளவை, குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடிகாரம். 4 மணி நேர கேண்டில் (அந்த 4 மணி நேர விலையைக் காட்டும் ஒரு பட்டை) எப்போது முடியும் என்பது புரோக்கரின் சர்வர் நேரத்தைப் பொறுத்தது. பல புரோக்கர்கள் நியூயார்க் மாலை 5 மணியோடு நாளை முடிப்பார்கள். அமெரிக்கக் கோடை நேரத்தில் நமக்கு அது விடியற்காலை 5, மற்ற மாதங்களில் 6. அந்தக் கணக்கில் மாலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் (அல்லது 6, 10) ஒரு கேண்டில் முடியும். உங்கள் ஷிஃப்டுக்கு இதைவிட வசதி வேறில்லை, அந்த இரண்டு நேரமும் பார்த்தாலே போதும். அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, நம் நேரம் இரவு 8.30 அல்லது 9.30க்கு வரும். அந்த நேரத்தில் 15 நிமிட சார்ட்டை நம்பி நுழையாதீர்கள்.

சரி, அந்த 2,000 வெள்ளி. போடாதீர்கள். உரிமம் இல்லாதவரிடம் அந்நிய நாணயம் வாங்குவதும் விற்பதும் இங்கே 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு உரிமத்தைக் காட்டினால் அது இங்கே செல்லாது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பதும் அனுமதி ஆகாது. புரோக்கர் பெயரை நண்பரிடம் வாங்கி, பேங்க் நெகாராவையே நேரில் கேளுங்கள். அதுவரை டெமோவிலேயே பழகுங்கள்.