ஒற்றைக் கை ஆளும் ஓர் அலறலும்

வணக்கம் அக்கா,

போன சனிக்கிழமை வீட்டில் ‘தி ஃபியூஜிடிவ்’ பார்த்துக்கொண்டிருந்தோம். நான், மனைவி, மாமியார். அந்த ஒற்றைக் கை ஆள் திரையில் வந்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. படத்தை நிறுத்திவிட்டு, “ஜிகார்! பாபிலோன் 5 ஜிகார்!” என்று கத்திவிட்டேன். அந்த விண்வெளித் தொடரில் வேற்றுக்கிரகவாசியாக வந்த அதே நடிகர். மாமியார் பயந்துபோனார். மனைவிக்குக் கோபம். “கொலைகாரன் வந்து நிற்கிறான், உங்களுக்குச் சந்தோஷமா? நீங்க கதை பார்க்கிறதே இல்லை, ஆள் அடையாளம்தான் பார்க்கிறீங்க” என்கிறாள். இது முதல் தடவையும் இல்லை. எனக்குக் கதைக்குள் போகத் தெரியவில்லையா?

பி.கு.: ‘கொலம்போ’ என்ற பழைய துப்பறியும் தொடரின் பகுதி ஒன்றில் வரும் அறுவை சிகிச்சை மருத்துவர், நம் ‘ஸ்டார் டிரெக்’ ஸ்போக்தானே? போனில் தேடாமல் கேட்கிறேன்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்

அன்புள்ள தம்பி,

மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம்.

இன்னொன்றையும் காணோம். அந்தப் படத்தின் நாயகன் ஹாரிசன் ஃபோர்ட். ‘ஸ்டார் வார்ஸ்’ ஹான் சோலோ. ‘பிளேட் ரன்ன’ரின் டெக்கர்ட். நம் அறிவியல் புனைவு ரசிகர் கூட்டத்துக்கு அவரைவிடப் பெரிய தலை யார்? படம் முழுக்க ஓடுகிறார், அணைக்கட்டிலிருந்து குதிக்கிறார். அவரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. நிறுத்தியதெல்லாம் ஒற்றைக் கை ஆளாக வரும் ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸுக்காக. ஆக, தெரிந்த முகத்தைப் பார்த்ததால் வந்த சந்தோஷம் இல்லை இது. ஃபோர்டைப் போஸ்டரிலேயே பார்த்துவிட்டுத்தானே உட்கார்ந்தீர்கள்?

தேக்கா சந்தையில் ரொம்ப வருடமாக ஒரே கடையில்தான் ஆட்டுக்கறி வாங்குகிறேன். ஒருநாள் டௌன்டவுன் ரயிலில் எதிரே ஒருவர். இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்தில் பேரன். நன்றாகத் தெரிந்த முகம், ஆனால் யாரென்று தெரியவில்லை. நியூட்டன் போயிற்று, ஸ்டீவன்ஸ் போயிற்று. பேரனிடம் ஏதோ சொல்லும்போது உள்ளங்கையைப் பக்கவாட்டில் வைத்து முழங்காலில் இரண்டு தட்டு தட்டினார். அவ்வளவுதான், கறிக்கடை அண்ணன்! அவருக்கு என்னை முன்பே தெரிந்துவிட்டது போல. “என்னம்மா, இந்த வாரம் வரலையே?” என்றார். ஜார்ஜ் மாண்ட்லர் என்ற உளவியலாளர் 1980-இல் இதையே உதாரணமாக எழுதியிருக்கிறார், அவருடையது பேருந்தில் பார்த்த கறிக்கடைக்காரர். ஆளைத் தெரியும் என்ற உணர்வு முதலில் வந்துவிடுகிறது, எங்கே பார்த்தோம் என்பதைத் தேடி எடுக்க நேரமாகிறது. அந்த நேரத்தில் படும் அவஸ்தையும், கிடைத்ததும் வரும் நிம்மதியும்தான் உங்கள் அலறல்.

அறிவியல் புனைவு நடிகர்களிடம் இது இரண்டு மடங்கு. ஜிகாருக்குப் புள்ளி போட்ட தலை, சிவப்புக் கண். பாபிலோன் 5-இன் முன்னோட்டப் படமும் ‘ஃபியூஜிடி’வும் 1993-இல்தான் வந்தன. ஒன்றில் கட்சுலாஸின் சொந்த முகமே தெரியாது, மற்றதில் ஒப்பனை இல்லாத முகம். பிறகு எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்? ரப்பரால் மூட முடியாத எதையோ வைத்து. குரலாக இருக்கலாம், கழுத்தைத் திருப்பும் விதமாக இருக்கலாம். கதைக்குள் போகாதவரால் அதைக் கவனித்திருக்க முடியாது.

என் கதையைக் கேளுங்கள். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், கூடத்தில் கணவர் ‘பாஸ்டன் லீகல்’ பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வக்கீல் யாரையோ கண்டிக்கிற குரல். கரகரப்பு, கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் அவமானப்பட்ட கௌரவம். துருவலைக் கீழே வைத்துவிட்டு, “ஓடோ எதுக்கு வந்தார்?” என்றேன். அதே ஆள்தான், ரெனே ஓபர்ஜொனுவா. ‘ஸ்டார் டிரெக்’கின் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் ஏழு பருவங்களும் ஓடோவாக, பாதி செய்து விட்ட பொம்மை மாதிரி மூக்கும் காதும் மழுங்கிய முகத்தோடு வந்தவர், இங்கே கோட்டு சூட்டில். அதே அலுவலகத்தில் ‘ஸ்டார் டிரெக்’ கேப்டன் கிர்க், வில்லியம் ஷாட்னரும் இருந்தார். அவர் வந்ததற்கு நான் எழுந்து பார்க்கவே இல்லை.

எடுக்கிறவர்களுக்கும் நம் பலவீனம் தெரியும். ‘காஸல்’ தொடரின் ஹாலோவீன் பகுதி ஒன்றில் நேத்தன் ஃபில்லியன், தான் முன்பு நடித்த ‘ஃபயர்ஃப்ளை’ விண்வெளித் தொடரின் கேப்டனுடைய பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வருவார். மகள், இதை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே போட்டீங்களே என்பாள். பார்த்தவனுக்குச் சிரிப்பு, பார்க்காதவனுக்கு நஷ்டமில்லை.

நடிகரை மறந்துவிட்டுத்தான் கதை பார்க்க வேண்டும் என்றால் தமிழன் இதுவரை ஒரு படமும் பார்க்கவில்லை. 1963-இல் ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவது யார்? நம்பியார். எந்தக் கிரகத்திலிருந்து இறங்கினாலும் நம்பியார் நம்பியார்தான். ஜனங்கள் அவரைத் திட்டிக்கொண்டே கதையையும் பார்த்தார்கள்.

இங்கே சிங்கப்பூரிலும்தான். 2008-இல் ‘தி டார்க் நைட்’டில் ஹாங்காங் கணக்காளராக சின் ஹான் வந்ததும் எனக்கு முன்வரிசையில் ஓர் ஆன்ட்டி, “ஏ, மாஸ்டர்ஸ் ஆஃப் த சீ!” என்று சத்தமாகவே சொன்னார். அந்தத் தொடரில் 1994-இல் சானல் 5-இல் பார்த்த நம்ம ஊர்ப் பையன், பேட்மேன் தூக்கிக்கொண்டு பறக்கிற அளவுக்குப் பெரிய ஆளாகிவிட்டான் என்ற பூரிப்பு. அப்புறம் அவர் ‘கோஸ்ட் இன் த ஷெல்’லில் தொகுசாவாக வந்தபோது நானே பக்கத்து இருக்கையை இடித்தேன்.

ஆள்கூட வேண்டாம், கட்டடம் போதும். ‘வெஸ்ட்வேர்ல்ட்’ மூன்றாம் பருவம் 2020 மார்ச்சில் வந்தது. கதை நடப்பது வருங்கால லாஸ் ஏஞ்சலிஸில், ஆனால் சில காட்சிகளைப் படம் பிடித்தது சிங்கப்பூரில். தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய லாசால் கல்லூரி அதில் வருகிறது. வெளியே கறுப்புச் சுவர், உள்ளே கண்ணாடிப் பள்ளத்தாக்கு. அடுத்த மாதமே சர்க்கிட் பிரேக்கர், அதாவது கொரோனா ஊரடங்கு, வந்துவிட்டது. வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் அடைந்து கிடந்து, மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இயந்திர மனிதர்கள் உலாவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பருவத்தின் கதை எனக்கு இன்றுவரை சரியாகப் புரியவில்லை, அது வேறு விஷயம்.

சரி, உங்கள் மனைவி பக்கமும் நியாயம் இருக்கிறது. அலறியது தப்பில்லை, நிறுத்தியதுதான் தப்பு. கொலைகாரன் வந்து நிற்கும்போது அவருக்கு வந்த பயத்தை நீங்கள் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டீர்கள். எங்கள் வீட்டுச் சட்டம் இது: கத்தலாம், நிறுத்தக்கூடாது. போனை எடுக்கக்கூடாது. பெயர் வரவில்லையென்றால் கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியல் வரை பொறுத்திருக்க வேண்டும். பதினைந்து வருடமாக நடைமுறையில் இருக்கிறது, கணவர் மட்டும் அவ்வப்போது மீறுவார்.

பின்குறிப்புக்கு: ஆமாம், லெனர்ட் நிமோய்தான். ‘ஸ்டார் டிரெக்’ 1969-இல் நின்றுபோனது, இந்தக் கொலம்போ 1973. அவர் சிரிக்கும்போது, எப்போதும் குழைந்து பேசும் கொலம்போ மேசையில் கூஜாவை ஓங்கி அடித்துக் கோபப்படுவார் பாருங்கள், அந்த இடத்துக்காகவே மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ரிமோட் அவர் கையில் இருக்கட்டும்.