‘பேக் இன் பிளாக்’ கிட்டார் டோன் என் ஆம்பில் ஏன் வரவில்லை?

ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கியில்) கெயின் (கரகரப்பின் அளவு) 8, பேஸ் (அடி ஒலி) 8, மிடில் (நடு ஒலி) 2 வைத்தும், ஏசி/டிசி ராக் குழுவின் ‘பேக் இன் பிளாக்’ பாட்டில் கேட்கும் அந்தச் சத்தம் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அறையில் தனியாக, சத்தத்தைக் குறைத்து வைத்து வாசிப்பவர் என்று நினைக்கிறேன். முதலில் கெயினை 4க்கு இறக்குங்கள், மிடிலை 7க்கு ஏற்றுங்கள். பேஸ் 4, ட்ரெபிள் (மேல் ஒலி) 6 போதும்.

இரண்டு வருடம் நானும் உங்கள் செட்டிங்கிலேயேதான் கிடந்தேன். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் மட்டும் மூன்று வாங்கினேன். அந்தப் பாட்டின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, ஈ, டி, ஏ என்று மூன்று கார்டில் (பல தந்திகளைச் சேர்த்து அடிக்கும் ஸ்வரக்கூட்டில்) நிற்கிறது. ரெக்கார்டில் கார்டுக்குள் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். நான் ஈ அடித்தால் ஆறு தந்தியும் ஒரே இரைச்சலாகக் குழம்பி வரும். ஒருநாள் ஒத்திகையில் பேஸ் கிட்டார் வாசிக்கும் அண்ணன் எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் என் கெயினைப் பாதியாகக் குறைத்தார். தனியாக அடித்துப் பார்த்தேன், தகரத்தைத் தட்டியது போல இருந்தது. கோபம் வந்துவிட்டது. “இரு, சேர்ந்து வாசிப்போம்” என்றார். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் நுழைந்ததும் அதே தகரம் கனமாகிவிட்டது. “ரெக்கார்டுல நீ கேக்குற அடிக்கனம் பாதி பேஸ் கிட்டாரோடதுப்பா” என்றார்.

1980இல் வந்த ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தில் வாசிப்பது ஒரு கிட்டார் இல்லை, இரண்டு. குழுவின் ஆங்கஸ் யங்கின் கிப்சன் எஸ்ஜி கிட்டார் ஒன்று, அவருடைய அண்ணன் மால்கமின் கிரெட்ச் கிட்டார் இன்னொன்று. ஒரே ஆம்பில் இரண்டு பேரையும் தேடினால் கெயினைத்தான் ஏற்றத் தோன்றும். அந்தக் காலத்து மார்ஷல் சூப்பர் லீட் ஆம்பில் கெயின் குமிழே கிடையாது. வால்யூமை ஏற்றி, உள்ளே இருக்கும் வால்வு (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) திணறினால்தான் கரகரப்பு வரும்.

ஹெவி மெட்டல் இசை வாசிப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அது வேறு கணக்கு. என் எண்கள் உங்கள் ஆம்பில் அப்படியே பொருந்தும் என்றும் சொல்லவில்லை. மார்ஷல் வகை ஆம்பில் பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். எல்லாவற்றையும் 5இல் வைத்தாலும் மிடில் மற்ற இரண்டையும்விடக் குழிந்துதான் இருக்கும்.

ஆம்ப் தரையில் இருந்தால் நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். ட்ரெபிள் ஸ்பீக்கருக்கு நேராகத்தான் பாயும். நின்றுகொண்டு கேட்டால் அது முழங்காலோடு போய்விடும், காது ‘இன்னும் ட்ரெபிள்’ என்று கேட்கும். ரெக்கார்டிங்கிலும் இதே கதைதான். மைக்கை ஸ்பீக்கர் நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளினாலே கூர் மழுங்கிவிடும்.

அப்படி ஒரு முழு நாள் மைக்கை நகர்த்தி நகர்த்தி நான் பதிந்து கொடுத்த கிட்டாரை, மிக்ஸ் செய்தவர் ஒரு வார்த்தை கேட்காமல் கணினியில் ஆம்ப் போல ஒலிக்கும் சாஃப்ட்வேர் ஆம்புக்கு மாற்றிவிட்டார். பாட்டு வெளிவந்த பிறகு கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது. வாசித்தவனிடம் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். இன்றும் ஆறவில்லை. அதன் பிறகு மிக்ஸிங் முடியும்வரை நான் ஸ்டூடியோவை விட்டு நகர்வதில்லை.