ஒன்பது அழைப்பிதழ்களும் பதினொரு புத்தகங்களும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் பணிபுரிகிறேன். வயது 43. இந்த ஆவணியில் மட்டும் எங்கள் வீட்டுக்கு ஒன்பது அழைப்புகள் வந்தன: திருமணம் மூன்று, கிரகப்பிரவேசம் இரண்டு, காதணி விழா, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம் ஆகியவை ஒவ்வொன்று. என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு என்பதால் பெரும்பாலும் நான்தான் போக வேண்டும். சென்ற ஆண்டு புத்தகத் திருவிழாவில் ஆசையாக வாங்கிய பதினொரு புத்தகங்களில் இரண்டைத்தான் முடித்திருக்கிறேன். எப்போதாவது கிடைக்கும் அரைமணி நேரத்திலும் கை பழைய துப்பறியும் மாத நாவல்களைத்தான் எடுக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகன், 'இதெல்லாம் வாசிப்பே இல்லை' என்கிறான். உறவையும் முறித்துக்கொள்ளாமல், படிக்கவும் நேரம் வைத்துக்கொள்வது எப்படி? நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றவற்றைப் பேசினால் நாணயமாக இருக்காது. நான் சமாளிக்கவில்லை, என் மனைவி சமாளிக்கிறார். முப்பது ஆண்டுகளாக எங்கள் இருவர் பெயரும் எழுதி வந்த அழைப்பிதழ்களில் பெரும்பாலானவற்றுக்கு அவர் தனியாகப் போய், 'அவருக்கு ஓர் எழுத்து வேலை, முடித்தாக வேண்டும்' என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்துத் தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த நேரங்களில் நான் எழுதிக்கொண்டும் இருக்கவில்லை, சாய்வு நாற்காலியில் படித்துக்கொண்டிருந்தேன். நான் படித்த புத்தகங்களில் பாதியை அவர் போய்வந்த மண்டபங்களின் கணக்கில்தான் எழுத வேண்டும். 'பெரும்பாலும் நான்தான் போக வேண்டும்' என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன வரி எனக்குச் சுருக்கென்று தைத்தது அதனால்தான். உங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையை நான் பேசுவது முறையல்ல. ஆயினும் கடை என்பது வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் மூடக்கூடிய பொருள்தான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இனி உறவு முறியும் என்ற அச்சம். என் தந்தையாரின் மொய் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 1974-ல் என் அக்காளின் திருமணத்தன்று தொடங்கிய நோட்டு. முதல் பக்கத்தின் மூலைகளில் மஞ்சள், உச்சியில் பிள்ளையார் சுழி, முதல் பெயர் தாய்மாமனுடையது. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக 5 ரூபாயும் 11 ரூபாயும் 21 ரூபாயுமாகப் போகும் அந்தப் பட்டியலில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் 'மூலம்' என்ற சொல் இருக்கிறது. அதாவது இன்னார் வரவில்லை, இன்னார் மூலம் கொடுத்தனுப்பினார் என்று பொருள். அப்படி வராதவர்களோடு எங்கள் வீட்டுக்கு எந்த மனத்தாங்கலும் இருந்ததாக நினைவில்லை; அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு என் தந்தையாரும் பலமுறை 'மூலம்'தான் செய்திருக்கிறார். கடனைத் திருப்புவதும் ஆள் நேரில் போய் நிற்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை நம் வழக்கமே முன்பு தெளிவாக வைத்திருந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு மூச்சுத் திணறுவது நாம்தான்.

மொய் ஒரு கடன் முறைதான் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட ஊர்களும் உண்டு. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துக்குத் திருமணமோ காதுகுத்தோ காரணமாகத் தேவையில்லை. பணம் தேவைப்படுபவர் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார், வருகிறவர்கள் தாங்கள் முன்பு வாங்கியதைத் திருப்பிச் செய்து, மேலும் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டுப் போவார்கள். வட்டியில்லாத அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் இருக்கிறார்கள். இந்த வரவு செலவில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. நகரத்து வரவேற்பு நிகழ்ச்சியில்தான் இது குழம்பிப்போகிறது: கணக்கு அதே கணக்கு, ஆனால் அதை அன்பென்று மட்டுமே சொல்ல வேண்டும் என்பதால், உறையைக் கொடுத்தனுப்பினால் அன்பு குறைந்துவிட்டதாகத் தோன்றிவிடுகிறது.

அழைப்புகள் ஏன் ஒன்பதாகின என்பதையும் யோசித்துப் பாருங்கள். அச்சடித்த பத்திரிகை காலத்தில் பட்டியலுக்கு ஓர் எல்லை இருந்தது. பத்திரிகைக்குக் காசு ஆகும். தட்டில் குங்குமமும் பூவும் வைத்து வீடு வீடாகப் போகக் கால் வேண்டும். அந்த இரண்டுக்கும் பயந்தே பெரியவர்கள் பட்டியலை இரண்டு முறை அடித்துத் திருத்துவார்கள். இன்று வாட்ஸ்அப்பில் 'இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதி' என்று ஒரே நொடியில் முந்நூறு பேருக்கு அனுப்பிவிட முடிகிறது. அழைப்பவருக்குச் சிரமம் குறைந்திருக்கிறது. அழைக்கப்பட்டவருக்குக் கடமை மட்டும் பழைய எடையிலேயே இருக்கிறது. நேரில் வந்து அழைத்தவரையும் குழுவில் பகிர்ந்தவரையும் ஒரே தட்டில் வைத்து நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அனுப்பியவரே அப்படி வைக்கவில்லை.

இந்த இடத்தில் விருந்தோம்பல் தமிழர் பண்பாடு என்று யாராவது சொல்லக்கூடும். விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை. முன்பின் அறியாமல் வாசலுக்கு வந்தவரே விருந்தினர். வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறத்தில் வைத்தார். உறவினரைப் பேணுவதைச் சுற்றந்தழால் என்று தனி அதிகாரமாக்கி, பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் பகுதியில் வைத்தார். மண்டபத்தில் தம்மைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று சித்தப்பா ஒருவர் எழுந்துபோன காட்சியைப் பார்த்த எவருக்கும், அது அரசியலில் சேர்ந்ததன் பொருத்தம் விளங்கும்.

ஆகவே எதற்குப் போவது, எதற்குக் கொடுத்தனுப்புவது என்று தீர்மானிக்க நான் (இப்போதுதான், காலம் கடந்து) வைத்துக்கொண்டிருக்கும் ஒரே கேள்வி, அங்கே என் முகத்தைத் தேடுவார்களா, பெயரைத் தேடுவார்களா என்பதுதான். உங்கள் ஒன்பதில் வளைகாப்புக்கு நீங்கள் போகத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். கூட்டம் குறைவு, வளையல் போடுகிற ஒவ்வொரு கையையும் அந்தப் பெண் நினைவில் வைத்திருப்பாள். அறுபதாம் கல்யாணத்துக்கும் முடிந்தால் போங்கள், அந்தத் தம்பதியரோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். சாவு வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே 'மூலம்' கிடையாது. மாலை வரவேற்புகளைப் பற்றித்தான் எனக்குக் கடுமையான கருத்து இருக்கிறது. மேடைக்கு முக்கால் மணி நேரம் வரிசை. மேலே ஏறியதும் ஒளிப்படக்காரர் நம் தோளைத் திருப்பி நிற்க வைப்பார். மணமக்கள் யாரென்று தெரியாமலே சிரிப்பார்கள். கீழே இறங்கினால் மெல்லிசைக் குழுவின் ஒலிபெருக்கியில் பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. பந்திக்குப் போனால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் கையை வைத்து நின்று, அவர் பாயசத்தை எப்போது முடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று மணி நேரம் செலவழித்து ஒருவரோடும் பேசாமல் திரும்பும் இந்தச் சடங்கை உறவைப் பேணுதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே வீட்டுக்கு அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை மாலை, அலுவலகம் விட்டு வரும் வழியில், ஒரு கிலோ பழத்தோடு போய் அரைமணி நேரம் உட்காருங்கள். ஆல்பம் இன்னும் வந்திருக்காது, ஆனால் பேச ஆள் இருப்பார்கள்.

வரமுடியாது என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். 'கண்டிப்பாக வந்துவிடுகிறோம்' என்பது நம் வாயில் தானாக வருகிற பொய்; அதை நம்பி அவர்கள் சமையல்காரரிடம் இலைக் கணக்கு சொல்கிறார்கள். போகலாமா வேண்டாமா என்று சனிக்கிழமை முழுவதும் மனத்துக்குள் உழல்வதில் போகும் நேரம், உண்மையில் போய்வரும் நேரத்தைவிட அதிகம். புத்தகத்தைத் தின்பது இந்த உழற்சிதான் என்பது என் அனுபவம்.

இனி அந்தப் பதினொரு புத்தகங்கள். ஒரு நாள் ஓய்வான ஞாயிறு வரும், அன்று காலை காப்பிக்குப் பிறகு எடுத்து மாலைக்குள் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் நீங்கள் அவற்றை வாங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் வாங்குகிறேன். அப்படிப்பட்ட ஞாயிறு நம் வீடுகளில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள், 'கல்கி' வார இதழில் வந்தது. நம் பாட்டிமார்கள் அதை வாரத்துக்குச் சில பக்கங்களாக, அடுப்பில் பால் பொங்குவதற்குள் படித்து, பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தார்கள். அதற்கும் முன்பு, 1931-ல், மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபை பிள்ளை என்ற பொறியாளர் மாட்டுவண்டியில் நூலகம் அமைத்துக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலகத்துக்கு வர நேரமில்லாதவர்கள் இருக்குமிடத்துக்கே புத்தகம் போனது. அதே ஆண்டு சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நேரமில்லை என்பது உங்கள் தனிப்பட்ட குறையாக இருந்தால் அவர் அதை விதியாக்கியிருக்க மாட்டார்.

நானே தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையில் மின்சார ரயிலில் போய்வந்த காலத்தில்தான் பெரிய நாவல்களைப் படித்தேன். ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. உட்கார இடம் கிடைத்தால் 25 பக்கம், நின்றால் 10 பக்கம். ஓய்வுபெற்று நாள் முழுவதும் கையில் வந்த பிறகு அந்த வேகம் இல்லை. கல்யாண மண்டபத்திலும் படிக்கலாம்: காலைச் சிற்றுண்டிக்கும் முகூர்த்தத்துக்கும் இடையில் ஒன்றரை மணி நேரம் எல்லோரும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை என் பெரியம்மா, 'கல்யாண வீட்டில் வந்து பரீட்சைக்குப் படிக்கிறான் பார்' என்று கூட்டத்தில் உரக்கச் சொன்னார். அன்று முழுவதும் என்னைப் பார்த்தவர்களெல்லாம் எத்தனை மார்க் என்று கேட்டார்கள். கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். சிறிய புத்தகமாக எடுத்துச் செல்லுங்கள், கைப்பைக்குள் அடங்க வேண்டும்.

அப்படி அடங்குவது துப்பறியும் மாத நாவல்தான் என்பதால் உங்கள் மகனுக்கும் ஒரு வார்த்தை. அவர் தொடங்கிய சண்டை நூறு ஆண்டு பழையது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் எழுதிய மர்ம நாவல்களைப் படித்தவர்களையும் அன்று இப்படித்தான் பழித்தார்கள். அந்த நாவல்கள் எல்லாம் உயர்ந்தவை என்று நான் வாதாட மாட்டேன். பல சுமார், சில மோசம். ஆனால் அலுவலகத்தில் எட்டு மணி நேரம் கோப்புகளில் வரிவரியாகப் படித்துக் குறிப்பு எழுதிவிட்டு வரும் ஒருவர், கொலை செய்தது யார் என்று அறிந்துகொள்ள 90 பக்கம் புரட்டுவதற்குத் தகுதிச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. பொழுதுபோக்கு என்று பெயர் வைத்துவிட்டு அதிலும் மதிப்பெண் போட்டால், அது எட்டு மணி நேர வேலையின் ஒன்பதாவது மணி ஆகிவிடும். வேண்டுமானால் பதினொன்றில் ஒன்றை மகனிடம் கொடுத்து, முடித்துவிட்டுச் சொல் என்று கேளுங்கள். மாதக் கடைசியில் அவரும் உங்கள் பக்கம் வந்துவிடக்கூடும்.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மேசை மேலும் ஒரு பத்திரிகை கிடக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை, காலை முகூர்த்தம், நேரில் வந்து வைத்துவிட்டுப் போனார்கள். உங்கள் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். 'இந்த முறை நீங்கள் போய்வாருங்கள்' என்றார். சரி என்றேன். அந்த நேரத்தில் அவர் எந்தப் புத்தகத்தைப் படிக்கப்போகிறார் என்று, கொஞ்சம் பெருந்தன்மையாகவே, கேட்டேன். தூங்கப்போவதாகச் சொன்னார்.