கேள்வி–பதில்: மூழ்கிய கப்பலுக்குள் செல்வோருக்கு மாற்றுக் காற்று

கேள்வி: மூழ்கிய கப்பல்களின் உட்புறம் செல்வதற்கான பயிற்சியில் அண்மையில் சேர்ந்துள்ளேன். முதுகில் 12 லீற்றர் சிலிண்டர் ஒன்றையே கட்டிச் செல்கிறேன். அதில் ஒக்டோபஸ் (மூச்சு வாங்குவதற்கு மேலதிகமாகப் பூட்டும் இன்னொரு வாய்ப்பகுதி) இருந்தாலே போதும் என்கிறார் நண்பர் ஒருவர். ஒரு கையில் பிடிக்கக்கூடிய சிறு அவசரச் சிலிண்டரை வாங்கும்படி சொல்கிறார் இன்னொருவர். கச்சான் காலம் தொடங்குமுன் எதை வாங்குவது நல்லது, ஐயா?
– வாசகர், உப்புவெளி

பதில்: ஒக்டோபஸ் உங்களுக்கான மாற்றுக் காற்று அன்று, உடன் வருபவருக்குக் கொடுப்பதற்கானது. அதுவும் நீங்கள் மூச்சு வாங்கும் ரெகுலேற்றரும் ஒரே சிலிண்டரில், ஒரே முதல்நிலையில் (வால்வில் பொருந்தி, காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் பகுதி) பூட்டப்பட்டவை என்பதால், அந்த முதல்நிலை பழுதானாலோ வால்வின் ரப்பர் வளையம் பிய்ந்தாலோ இரண்டும் சேர்ந்தே போய்விடும். திறந்த கடலில் அந்நிலையில் துணைவரிடம் நீந்திச் செல்லலாம். கப்பலுக்குள் துருவும் சேறும் கிளம்பிவிட்டால் ஒரு கை தூரத்தில் இருப்பவரும் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆகவே உங்களுக்குத் தேவைப்படுவது தனி வால்வும் தனி ரெகுலேற்றரும் தனி அழுத்தமானியும் கொண்ட இன்னொரு சிலிண்டர்; இதைத்தான் போனி சிலிண்டர் என்பார்கள். அதன் அளவைக் கடையில் அன்றி, நீங்கள் வெளியேற எடுக்கும் நேரத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 30 லீற்றர் காற்றை இழுப்பதாகக் கொண்டால், அழுத்தம் மூன்றரை மடங்காகும் 25 மீற்றர் ஆழத்தில் அது 105 லீற்றராகிறது. இரண்டாமவர் சொல்லும் சிறு அவசரச் சிலிண்டரின் பெரிய வகையில்கூட ஏறத்தாழ 85 லீற்றர்தான் இருக்கும்; ஒரு நிமிடத்துக்கும் அது காணாது. ஆழமற்ற திறந்த நீரிலிருந்து நேரே மேலே வருவதற்காகச் செய்யப்பட்ட பொருள் அது. உங்கள் தலைக்கு மேலே இருப்பதோ இரும்புத் தளம்.

கப்பலை விட்டு வெளியேற 3 நிமிடம் எடுத்தால் 315 லீற்றர், நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் மேலேற ஏறத்தாழ 200 லீற்றர், 5 மீற்றரில் பாதுகாப்புக்காக 3 நிமிடம் தரித்து நிற்க 135 லீற்றர் என, மொத்தம் 650 லீற்றர் வேண்டும். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 3 லீற்றர் போனி சிலிண்டர் 600 லீற்றரையே தரும் என்பதால் அதையும் தவிர்த்துவிடுங்கள். 40 கன அடி என்று விற்கப்படும் 5.7 லீற்றர் சிலிண்டரில் 1,100 லீற்றருக்கு மேல் கிடைக்கும்; கம்பியொன்றில் சிக்கி ஒன்றிரண்டு நிமிடம் தாமதித்தாலும் அது தாங்கும். என் தேர்வு அதுவே. ஆனால் அந்தக் காற்றை உங்கள் திட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். முதுகுச் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் திரும்பிவிட வேண்டும் என்ற விதி, போனி இருக்கிறது என்பதால் தளர்வதில்லை.

1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மெஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்றால், இந்தப் பதில் பொருந்தாது. ஐம்பது மீற்றருக்கும் கீழே அதன் தரை இருக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் 40 மீற்றர் எல்லைக்கு அப்பாற்பட்ட அந்த ஆழத்துக்கு இரட்டைச் சிலிண்டரும் அதற்கான தனிப் பயிற்சியும் வேண்டும்.

கேள்வி: போனி சிலிண்டரை முதுகில் பெரிய சிலிண்டரோடு சேர்த்துக் கட்டுவதா, பக்கத்தில் தொங்கவிடுவதா?
– வாசகர், நிலாவெளி

பதில்: இடப் பக்கத்தில், மேலும் கீழும் கொழுவி, உடலோடு ஒட்டியிருக்குமாறு. முதுகில் இருந்தால் அதன் வால்வு கைக்கு எட்டாது, மானி கண்ணில் படாது. கப்பலில் சிக்கிக் கிடக்கும் பழைய மீன்வலைகள் அதில் மாட்டினால் அவிழ்ப்பதற்கும் இன்னொருவர் வேண்டும். போனியின் ரெகுலேற்றரை ரப்பர் வாரில் கோத்துத் தாடைக்குக் கீழே அணிந்துகொள்ளுங்கள். அதன் வாய்ப்பகுதி வேறு நிறத்தில் இருப்பது அவசியம். இல்லையேல் படகிலிருந்து குதிக்கும்போதே தவறுதலாகப் போனியில் மூச்சு வாங்கத் தொடங்கி, அது தீர்ந்த பின்பே அறிவீர்கள். பழைய சிலிண்டரை வாங்குவதானால் தோள்பகுதியில் பொறித்திருக்கும் அழுத்தச் சோதனைத் திகதியைப் பார்த்து, 5 ஆண்டுகள் கடந்திருந்தால் சோதனைச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.